'ஃபிரட்டேர்னல்' என்ற சொல்லை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து விளையாட்டுக் கழகச் செயலாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கரைப்பற்றுக் கழகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிய அழைப்பில் 'ஃபிரட்டேர்னல் இன்விடேஷன்' என்று போட்டோம். அது பிழை என்கிறார்கள். இன்னொன்று, கனடாவில் இருக்கும் தங்கச்சிக்கு இரட்டைப் பெண் பிள்ளைகள். அங்கே 'ஃபிரட்டேர்னல் டுவின்ஸ்' என்று சொல்லியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அண்ணன் தம்பிச் சொல் எப்படிப் பொருந்தும்?"

இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். நாம் 'சகோதர' என்று சொல்லும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் 'ஃபிரட்டேர்னல்' வரும் என்று அகராதியைப் பார்த்து நினைத்துக்கொள்கிறோம். அப்படி வராது.

'ஃபிராத்தர்' என்றால் இலத்தீனில் சகோதரன், ஆண் மட்டும். அதிலிருந்து வந்தது இந்த உரிச்சொல். நம்முடைய 'சகோதர' என்பதோ ஒரே வயிற்றில் பிறந்தது என்ற பொருளுள்ள வடசொல். அதனால்தான் இங்கே "உங்களுக்கு எத்தனை சகோதரம்?" என்று கேட்டால் அக்கா தங்கச்சியையும் சேர்த்துக் கணக்குச் சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லுக்கு அந்த அகலம் இல்லை.

முதலில் இரட்டையர் விடயம். இங்கே மட்டும் அந்தச் சொல் ஆண் பெண் பார்க்காது. ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் வெளிவந்து, இரண்டும் வெவ்வேறு விந்தணுக்களால் கருவுற்றுப் பிறக்கும் பிள்ளைகள் ஃபிரட்டேர்னல் டுவின்ஸ். இரண்டும் ஆணாகலாம், இரண்டும் பெண்ணாகலாம், ஒன்று ஆண் ஒன்று பெண்ணாகவும் இருக்கலாம். வேறு வேறு ஆண்டில் பிறந்த கூடப்பிறந்தவர்களைப் போலவே மரபணுவில் சராசரியாகப் பாதிதான் பொதுவாக இருக்கும். பெயர்க் காரணமும் அதுதான்: சாதாரணச் சகோதரங்களின் சாயல், பிறந்த நாள் மட்டும் ஒன்று. ஒரே கருமுட்டை பிரிந்து இருவரானால் 'ஐடென்டிக்கல்'. தமிழில் இருகரு இரட்டையர், ஒருகரு இரட்டையர் என்று எழுதினால் குழப்பம் வராது. 'சகோதர இரட்டையர்' என்று மொழிபெயர்க்க வேண்டாம். தமிழில் எல்லா இரட்டையரும் சகோதரங்கள்தானே.

தங்கச்சிக்கு ஒன்றைச் சொல்லிவையுங்கள். ஸ்கேனில் இரண்டு நச்சுக்கொடி (பிளசென்டா) தெரிந்தது என்பதை மட்டும் வைத்து 'ஃபிரட்டேர்னல்' என்று முடிவுகட்ட முடியாது. ஒருகரு இரட்டையரிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நச்சுக்கொடி தனித்தனியாகவே இருக்கும், கரு மிக ஆரம்ப நாட்களிலேயே பிரிந்துவிடுவதால். ஆணும் பெண்ணுமாகப் பிறந்தால் இருகரு என்று அநேகமாகத் துணிந்து சொல்லலாம். இரண்டும் பெண், இரண்டு நச்சுக்கொடி என்றால் மரபணுப் பரிசோதனைதான் உறுதியான பதில் தரும்.

இனிக் கடிதம். 'ஃபிரட்டேர்னல் கிரீட்டிங்ஸ்' என்பது தொழிற்சங்கம், இடதுசாரிக் கட்சி, மாணவர் ஒன்றியம் போன்ற அமைப்புகள் தங்களைப் போன்ற இன்னொரு அமைப்புக்கு அனுப்பும் வாழ்த்து. மாநாட்டுக்கு வெளியமைப்பிலிருந்து நல்லெண்ணத்துக்காக வரும் பிரதிநிதி 'ஃபிரட்டேர்னல் டெலிகேட்', அவருக்குப் பெரும்பாலும் வாக்குரிமை இருக்காது. இந்த வட்டத்துக்கு வெளியே அந்தச் சொல் விறைப்பாக ஒலிக்கும். 'ஃபிரட்டேர்னல் இன்விடேஷன்' இலக்கணப் பிழை அல்ல, ஆனால் ஆங்கிலத்தில் வழக்கமும் இல்லை. பெண்கள் அணியும் உள்ள கழகமென்றால் இன்னும் பொருந்தாது. 'கோர்டியல் இன்விடேஷன்' என்று மாற்றுங்கள். முடிவில், பெயர் சொல்லித் தொடங்கிய கடிதத்துக்கு 'யுவர்ஸ் சின்சியர்லி', 'டியர் சேர்' என்று தொடங்கியதற்கு 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. பிரதேச செயலாளருக்குப் போகும் கடிதத்தில் 'ஃபிரட்டேர்னலி' வேண்டவே வேண்டாம்.

நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை வேறொன்று. 'சகோதர மொழி' என்று சிங்களத்தைச் சொல்கிறோம், 'சகோதர நிறுவனம்' என்கிறோம். ஆங்கிலத்தில் நிறுவனம் 'சிஸ்டர் கம்பனி'. 'சிஸ்டர் லாங்குவேஜ்' என்பது ஒரே மூலமொழியிலிருந்து பிறந்த மொழிகளுக்கு மட்டும், தமிழுக்குச் சிங்களம் அப்படியல்ல, அதனால் அதைப் பெயர் சொல்லியே எழுதுங்கள். இரண்டு சொல்லிலும் தங்கச்சிதான் வருவாள், அண்ணன் வரமாட்டான். 'சகோதர இனத்தவர்' என்பதை ஆங்கிலமாக்கும்போது முஸ்லிம் மக்கள், சிங்கள மக்கள் என்று பெயரைச் சொல்லி எழுதுவதே மரியாதை. தமிழில் அந்தச் சொல்லில் உள்ள அன்பு 'ஃபிரட்டேர்னல் கம்யூனிட்டி' என்றதும் காணாமல் போகிறது, வாசிப்பவருக்கு யாரைச் சொல்கிறீர்கள் என்பதும் புரியாது. 'சகோதரப் படுகொலை'யை எழுதும்போது மிகக் கவனம்: அது 'ஃபிராட்ரிசைடல்'. 'ஃபிரட்டேர்னல் கில்லிங்' என்று எழுதினால் பாசத்தோடு கொன்றதாகப் பொருள் வந்துவிடும்.

மட்டக்களப்பு, அம்பாறைக் குடிமுறையை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்களும் 'ஃபிரட்டேர்னல் கிளான்' என்று எழுதக் கூடாது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியே வருவது, அதற்கு 'மேட்ரிலீனியல்' என்ற சொல் இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் வரும் 'ஃபிரட்டேர்னல் பாலியண்ட்ரி' சரியான கலைச்சொல்: சகோதரர்கள் ஒரே பெண்ணுக்குக் கணவராயிருப்பது. கண்டியில் இருந்த அந்த வழக்கத்தை 1859இல் ஆங்கிலேயர் சட்டம் போட்டுத் தடைசெய்தார்கள்.

சொல் அசலான பொருளில் அழகாக உட்காரும் இடமும் நம்மிடமே உண்டு. தங்கச்சிமாருக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கரையேற்றும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போடும் அண்ணனின் பொறுப்பு, முஸ்லிம் வீட்டில் நானாவின் பொறுப்பு, அதுதான் 'ஃபிரட்டேர்னல் டியூட்டி'. அவர் காட்டும் பாசத்தையும் சொல்லும் புத்திமதியையும் எழுத 'பிரதர்லி' நல்லது. கடமை, உறவு, அமைப்பு என்றால் ஃபிரட்டேர்னல். மனசு, அன்பு என்றால் பிரதர்லி.

உச்சரிப்பில் அழுத்தம் நடு அசையில்: ஃபிர-டேர்-னல். நாம் முதல் ஒலியைப் 'ப' ஆக்கி அவசரமாகச் சொன்னால் 'பட்டேர்னல்' என்று காதில் விழும். அது தந்தைவழி என்ற வேறு சொல். காணி உறுதி பற்றிப் பேசும்போது இந்தத் தடுமாற்றம் தொல்லை தரும்: தகப்பன் வழி வந்த காணி 'பட்டேர்னல் லேண்ட்', 'ஃபிரட்டேர்னல் லேண்ட்' என்று ஒன்று கிடையாது. 'ஃபெடரல்' என்பதையும் சிலர் இதன் உறவாக எண்ணுகிறார்கள். 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சியின் ஆங்கிலப் பெயரில் இருந்த அந்தச் சொல் உடன்படிக்கை என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்தது, சகோதரத்தோடு தொடர்பில்லை.

உங்கள் அழைப்பின் முதல் வரியை இப்படி வைத்துக்கொள்ளலாம்: 'வி கோர்டியலி இன்வைட் யுவர் கிளப்'. இரண்டு கழகத்துக்கும் பழைய உறவு இருந்தால், அடுத்த வரியில் எத்தனை ஆண்டாகச் சேர்ந்து விளையாடுகிறீர்கள் என்பதை எழுதுங்கள்.