விற்பதற்கு முன் மகளிடம் கேளுங்கள்

கம்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "கேரள எல்லைக்குள், வண்டன்மேடு பக்கம் எங்களுக்கு ஏலத்தோட்டம். அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய .375 ஹாலண்ட் ரைபிள் 1994-லிருந்து என் லைசென்ஸில் இருக்கிறது. சுட்டுப் பல வருடம் ஆகிறது. எனக்கு 69 வயது. மகன் பெங்களூரில் இருக்கிறான், துப்பாக்கி என்றாலே வேண்டாம் என்கிறான். தோட்டத்தை மகள் பார்த்துக்கொள்கிறாள். ஒருவர் நாலு லட்சம் தருகிறேன் என்கிறார், இன்னொருவர் பன்னிரண்டு போகும் என்கிறார். விற்றுவிட்டு அப்புறம் வருத்தப்படுவேனோ என்றும் தோன்றுகிறது. ஒரு தகர டப்பாவில் பழைய தோட்டாவும் கிடக்கிறது. என்ன செய்யலாம்?"

ஐயா, பல வருடமாகச் சுடவில்லை என்பதை விற்பதற்கான காரணமாகச் சொல்கிறீர்கள். என்னைக் கேட்டால் அது காரணமே இல்லை. எவ்வளவு தடவை சுட்டோம் என்று பார்த்தால் மலையோரத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் நாளைக்கே விற்க வேண்டியதுதான். உங்களுக்குப் பிறகு அதைச் சட்டப்படி யார் கையில் வைத்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் விற்பதா வேண்டாமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் பயன் என்ற பேச்சை முடித்துவிடுவோம். .375 மேக்னம் 1912-இல் வந்த தோட்டா. யானை, காட்டெருமை அளவு மிருகத்துக்காகச் செய்தது. வேட்டைக்கு எப்போதோ தடை வந்துவிட்டது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருக்களில் ஓடியபோது ஊரில் எத்தனை லைசென்ஸ் துப்பாக்கி இருந்திருக்கும்? ஒன்றுக்கும் வேலை இல்லை. வந்தது வனத்துறையின் மயக்க ஊசிதான். மிச்சம் இருப்பது காட்டுப்பன்றி. அதிலும் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். தமிழ்நாட்டில் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆனால் சுட வேண்டியது வனத்துறை, நாமல்ல. கேரளத்தில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவர் உத்தரவிட்டால் பட்டியலில் உள்ள லைசென்ஸ்காரர்கள் சுடலாம். சுட்டதைப் புதைத்துவிட வேண்டும், கறிக்குக் கிடையாது. அதற்குப் பெரும்பாலும் 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கிதான் எடுத்துப் போகிறார்கள். 300 கிரெய்ன் எடையுள்ள .375 குண்டு பன்றியைத் துளைத்துக்கொண்டு போய், சரிவுக்குக் கீழே லயத்து வீட்டுச் சுவரைத் தேடும். ஏலக்காட்டில் அதைச் சுடுவது ஆபத்து. ஆகவே தோட்டத்துக்கு வேண்டுமே என்று வைத்திருக்காதீர்கள்.

அப்படியானால் விற்றுவிடலாமே என்றால், அங்கேதான் மகள்.

மகன் வேண்டாம் என்கிறான் என்று எழுதிய நீங்கள் மகளைக் கேட்டதாக எழுதவில்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே தன் வாரிசுகளில் ஒருவர் பெயருக்கு அதை மாற்றிக் கொடுக்க விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு 25 வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. வாரிசு ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. 21 வயது முடிந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டி வைக்க ஏற்பாடு, போலீஸ் விசாரணை. அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதுவது சுலபம், கலெக்டர் ஆபீஸுக்கு நடக்க வேண்டியது உங்கள் மகள். ஆகவே வேண்டுமா என்று மட்டும் கேட்காதீர்கள், இத்தனைக்கும் நடக்கத் தயாரா என்று கேளுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத லைசென்ஸ் கொடுக்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்சம்மதம் வேண்டும் என்று 1972 வன உயிரினச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு பக்கம் மேகமலை, மறுபக்கம் பெரியாறு. கம்பம் பள்ளத்தாக்கில் பல ஊர்கள் இந்த வட்டத்துக்குள் விழும். ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர்கள் அந்த வட்டத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது; நீங்கள் பதிந்திருக்கிறீர்களா என்று பழைய காகிதங்களைப் பாருங்கள். மகள் விண்ணப்பம் வனத்துறை மேஜைக்கும் போய் வரக்கூடும் என்பதால், நீங்கள் தெம்பாக இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது.

மகளும் வேண்டாம் என்றால் விற்றுவிடுங்கள், உங்கள் கையாலேயே, இப்போதே. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லைசென்ஸ்காரர் போன பிறகு அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்கு அது ஞாபகம் வரும்? ஆனால் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 வருடம் வரை சிறை என்று 2019 திருத்தத்தில் கடுமையாக்கிவிட்டார்கள். ஒப்படைத்தாலும், குறித்த காலத்துக்குள் விற்றாக வேண்டும், இல்லையென்றால் அரசுடைமை. அவசரத்தில் விற்கிறவர்கள் என்று தெரிந்தால் வாங்குகிறவர் என்ன விலை கேட்பார் என்று நான் சொல்லவா வேண்டும். இதற்குள் ரைபிள் ஸ்டேஷன் அறையில் ஒரு மழைக்காலத்தைக் கழித்திருக்கும்.

இனி விலை. நாலா பன்னிரண்டா என்பதற்கு முன், அது ஹாலண்ட் ரைபிள்தானா? குழலில் ".375 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம்" என்று பொறித்திருப்பதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது தோட்டாவின் பெயர். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கண்டுபிடித்த தோட்டாவுக்கு அமெரிக்காவின் வின்செஸ்டரும் ரைபிள் செய்தது, செக் நாட்டு பிர்னோவும் செய்தது. லண்டன் கம்பெனியே செய்தது என்றால் அதன் முழுப்பெயரும் குழல் மேலோ ஆக்‌ஷன் (குழலுக்குப் பின்னால் உள்ள இயங்கும் இரும்புப் பகுதி) மேலோ பொறித்திருக்கும், குழலில் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் கிரீடம் போட்ட முத்திரை இருக்கும். அந்தக் கம்பெனியிடம் சீரியல் நம்பர்படி பழைய பேரேடு உண்டு. எழுதிக் கேட்டால் எந்த வருடம் யாருக்கு விற்றது என்று சொல்வார்கள். உங்களிடம் பேசிய இருவருக்கும் எட்டு லட்சம் வித்தியாசம் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஒருவர் பெயரைப் பார்த்து விலை சொல்லியிருப்பார், இன்னொருவர் பொருளைப் பார்த்து.

அடுத்தது குழலின் உட்புறம். மேகசினிலும் குழலின் பின்பக்கத் தோட்டா அறையிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தடவி உறுதி செய்துகொள்ளுங்கள். போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடும் இரும்புத் தண்டை, உருவி எடுத்துவிடுங்கள். உலர்ந்த துணியைக் குச்சியில் விட்டு எண்ணெயைத் துடைத்தெடுங்கள். எண்ணெய் இருந்தால் துருவும் பளபளக்கும். வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பின்பக்கமிருந்து நோக்கினால், சுருண்டு போகும் வரிப்பள்ளங்களின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். கறுப்புப் புள்ளிகள் குழிகுழியாக இருந்தால், குறிப்பாக தோட்டா அறையை ஒட்டிய முதல் அரை அடியில் இருந்தால், பழைய தோட்டாவின் உப்பு தின்றிருக்கிறது என்று அர்த்தம். விலை இறங்கும். போல்ட்டில் உள்ள நம்பரும் ஆக்‌ஷன் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். மரக்கட்டையும் இரும்பும் சேரும் கோட்டை ஒட்டி நகத்தால் கீறுங்கள். ஏலமலை ஈரம் முதலில் நுழைவது அங்கேதான். தோல் உறையில் வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே வெளியே எடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் தின்னும்.

இதெல்லாம் பார்ப்பதற்கு மட்டும். விற்கப் போகிறோமே என்று பாலிஷ் போட்டு, கட்டைக்கு வார்னிஷ் அடித்து, குழலுக்குப் புதுக் கறுப்பு ஏற்றிவிடாதீர்கள். வண்டியைக் கழுவி நிறுத்தி விற்பது போல இல்லை இது. சேகரிப்பவர்களுக்குப் பழைய நிறம்தான் வேண்டும். இவ்வளவு விலை போவதற்கே காரணம், 1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வது நின்றுபோனதுதான். நாட்டுக்குள் இருக்கிற பழையது மட்டும் கைமாறுகிறது. அதனால் விற்ற பிறகு வருத்தப்பட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். அந்த வருத்தத்தை இப்போதே, பொருள் கையில் இருக்கும்போது பட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் .375-க்கு ஒரு குறை உண்டு. நம் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் .315-க்கோ .30-06-க்கோ தோட்டா கிடைப்பது போல இதற்குக் கிடைக்காது. வெளிநாட்டுத் தோட்டா கிடைத்தாலும் விலை கையைச் சுடும். இதனால் வாங்க வருபவர்கள் குறைவு, வருபவர் விவரம் தெரிந்தவராக இருப்பார். குறைந்தது இரண்டு லைசென்ஸ் கடைகளில் காட்டி எழுத்தில் மதிப்புக் கேளுங்கள். கடைக்காரர் உடனே வாங்கிக்கொள்ளும் விலை வேறு, கமிஷனுக்கு விற்றுத் தரும் விலை வேறு. உங்களுக்கு அவசரம் இல்லை என்பதால் இரண்டாவதே லாபம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் ரசிகர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் ஒன்றை விட்டால்தான் உங்களுடையதை எடுக்க முடியும். பேரம் முறிவது பெரும்பாலும் இதில்தான்.

நேரடியாக ஒருவருக்கு விற்பதென்றால், விற்க எண்ணியிருப்பதையும் வாங்குபவர் பெயர் முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ பக்கத்துக் காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் கொடுத்து, அதன் பிறகு 45 நாள் கழிந்த பின்தான் கைமாற்ற வேண்டும். ஆயுதச் சட்டம் 5-ஆவது பிரிவு. கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் லைசென்ஸில் ரைபிள் வாங்க அனுமதி இருக்கிறதா, அவருக்கு ஆயுத லைசென்ஸ்களின் தேசியப் பதிவில் அடையாள எண் இருக்கிறதா என்று அசலைப் பார்த்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்ஆப் படத்தை நம்பாதீர்கள். அவர் கேரளப் பக்கம் குமுளிக்காரரோ கட்டப்பனைக்காரரோ என்றால் அவருடைய அனுமதி இடுக்கி கலெக்டரிடமிருந்து வர வேண்டும், அவர் லைசென்ஸ் தமிழ்நாட்டு எல்லைக்குள் செல்லுமா என்பதையும் பார்க்க வேண்டும். செல்லாது என்றால் கடை மூலமாகவே அனுப்புங்கள். "ரெண்டு நாள் வைத்துச் சுட்டுப் பார்த்துத் தருகிறேன்" என்று யார் கேட்டாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், கொடுக்காதீர்கள். 45 நாள் முடியும் முன் உங்கள் கையை விட்டு அது போகக் கூடாது. பணம் வங்கி வழியாக மட்டும்; ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால் வாங்கிய தொகை முழுவதையும் வருமான வரித்துறை அபராதமாகக் கேட்கலாம். கைமாறியதும் உங்கள் லைசென்ஸில் அந்தப் பதிவை நீக்கச் சொல்லி, நீக்கிய பக்கத்தை நகலெடுத்து வையுங்கள்.

நடுவில் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிந்தவரை கடையில் ஒப்படையுங்கள். எண்ணெய் தடவி, துணி உறையில், சீரியல் நம்பரையும் ஸ்கோப் இருந்தால் அதையும் ரசீதில் எழுதச் சொல்லி, நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு.

தகர டப்பாத் தோட்டாவை எண்ணி, லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள கணக்கோடு ஒத்துப் பாருங்கள். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அதைச் சுட்டுப் பார்த்து ரைபிளின் நிலையைக் காட்டலாம் என்று யாரும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பழைய தோட்டா தாமதித்து வெடிக்கும், போல்ட்டைத் திறந்த பிறகும் வெடிக்கும். ஆற்றில் போடவும் வேண்டாம், தோட்டத்தில் புதைக்கவும் வேண்டாம். ரைபிள் போகும் கடையிலேயே அதையும் கொடுத்து, எத்தனை என்று எண்ணிக்கையோடு தனி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.