சினைப்பைப் புற்றுநோய்: யாருக்கு வரும், எப்போது சந்தேகப்பட வேண்டும்?

கேள்வி: வயது 56. இரண்டு மாதமாக வயிறு உப்புசம். இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. கேஸ் மாத்திரை போடுகிறேன். பேப் ஸ்மியர் நார்மல். பயப்பட வேண்டுமா, டாக்டர்?

பதில்: கேஸ் மாத்திரையை நம்பி இனியும் நாள் கடத்தாதீர்கள், அம்மா. உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுவது: இதில் ஒன்று புதிதாகத் தொடங்கி மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தாலே சினைப்பையைப் பார்த்தாக வேண்டும். இந்த நோய் அதிகம் வருவது 50 வயதுக்கு மேல்தான். பேப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்க்கான சோதனை. சினைப்பையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. உள் பரிசோதனை, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன், சிஏ-125 ரத்தப் பரிசோதனை (சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதத்தின் அளவு) மூன்றையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: வயது 34. ஹெல்த் செக்கப்பில் சிஏ-125 அளவு 62. தூக்கமே இல்லை.

பதில்: 35 வரை நார்மல் என்பார்கள். ஆனால் மாதவிடாய் நாட்கள், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு (கர்ப்பப்பையில் வரும் சாதாரணக் கட்டி), ஈரல் நோய் எதிலும் இது ஏறும். வயிற்று டிபியில் நூற்றுக்கணக்கில் ஏறுவதுண்டு. அதே சமயம், முதல் கட்டப் புற்றுநோயில் சுமார் பாதிப் பேருக்கு இது ஏறுவதே இல்லை. மாதவிடாய் முடிந்தபின் மறுபடி எடுத்து, ஸ்கேனோடு சேர்த்துப் பாருங்கள். அறிகுறி இல்லாதவர்களை இந்தச் சோதனைக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனில் 2 லட்சம் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் 2021 முடிவில், இப்படிச் சோதித்தும் இறப்பு குறையவில்லை.

கேள்வி: பிசிஓடி நீர்க்கட்டி புற்றுநோயாகுமா?

பதில்: ஆகாது. அவை முதிராத சினைமுட்டைப் பைகள். ஆனால் மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் விட்டுவிடாதீர்கள். கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, பிரச்சினை அங்கே வரும்.

கேள்வி: அத்தைக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய், அப்பாவைப் பெற்ற பாட்டிக்குச் சினைப்பையில். அம்மா வழியில் யாருக்கும் இல்லை. எனக்குக் கவலையில்லைதானே?

பதில்: அப்படி இருந்துவிடாதீர்கள். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் (1, 2 என இரு வகை) அப்பா வழியாகவும் வரும். அப்பாவுக்கு இருந்தால் உங்களுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. பொதுவாக 100 பெண்களில் ஒருவருக்குச் சற்று மேல் வாழ்நாளில் இந்த நோய் வரும். பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள 100 பெண்களில் சுமார் 40 பேருக்கு வரும். அத்தை இருந்தால் முதலில் அவருக்குச் சோதியுங்கள். அவரிடம் மாற்றம் தெரிந்த பிறகு உங்களுக்கு ‘இல்லை’ என்று வந்தால்தான் அந்த ‘இல்லை’யை நம்பலாம். உங்களுக்கு மாற்றம் இருந்தால், குழந்தைப்பேறு முடிந்ததும் 35–40 வயதுக்குள் (பிஆர்சிஏ2 என்றால் 40–45) சினைப்பை, கருக்குழாய் இரண்டையும் எடுப்பதே சிறந்த பாதுகாப்பு. குழாயையும் ஏன் எடுக்கிறோம் என்றால், கொடிய வகை பெரும்பாலும் அதன் விரல் போன்ற நுனியில்தான் தொடங்குகிறது.

கேள்வி: 17 வயது மகளுக்குச் சினைப்பையில் 12 செ.மீ. கட்டி, உள்ளே கெட்டியான பகுதியும் உண்டாம். இந்த வயதிலுமா?

பதில்: இந்த வயதில் புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் ஜெர்ம் செல் வகை, அதாவது சினைமுட்டையாக வளர வேண்டிய செல்களில் தொடங்குவது. கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும், பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். அறுவைக்கு முன்பே இந்த வகையைக் காட்டிக்கொடுக்கும் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் ரத்தப் பரிசோதனைகளை எடுத்துவிடுங்கள். ஊசி குத்தி நீர் எடுக்கச் சம்மதிக்காதீர்கள். கட்டி புற்றுநோயாக இருந்து உடைந்து சிந்தினால், ஒரு சினைப்பைக்குள் அடங்கிய 1ஏ நிலை, அதைவிட மோசமான 1சி நிலை ஆகிவிடும். புற்றுநோய் அறுவை நிபுணரிடம் காட்டி, மறுபக்கச் சினைப்பையையும் கர்ப்பப்பையையும் காப்பாற்றச் சொல்லிக் கேளுங்கள். பின்னாளில் குழந்தை பெறலாம்.