டியூப் மட்டத்தை நம்பலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு வேலையில் கொத்தனார் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பித்தான் எல்லா அறைக்கும் மட்டம் எடுக்கிறார். லேசர் கருவி வாடகைக்கே கிடைக்கும்போது இதை நம்பலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக நம்பலாம் அம்மா. நான் மேற்பார்வை பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் டியூப் மட்டத்தில் எழுந்தவைதான். இரண்டு வாயும் திறந்திருந்தால் இரண்டு பக்கமும் காற்று ஒரே அளவில்தான் அழுத்தும். நடுவில் டியூப் எப்படி வளைந்து கிடந்தாலும் முனைகளில் தண்ணீர் சம உயரத்தில் நிற்கும். ஹாலில் போட்ட குறியைச் சுவர் தாண்டி அடுப்படிக்குக் கொண்டுபோக லேசரை இடம் மாற்றி வைக்க வேண்டும். டியூப் வாசல் வழியாகப் போய்விடும். ரசமட்டம் (நடுவில் குமிழி தெரியும் மட்டக் கட்டை) சின்ன நீளத்துக்குத்தான் சரி. இருபது அடிக்கு நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் பிசகு கூடிக்கொண்டே போகும்.

டியூபைக் கெடுப்பது காற்றுக்குமிழி. செங்குத்தாக நிற்கும் பக்கத்தில் அரை அங்குலக் குமிழி அடைத்து நின்றால், அந்தப் பக்கம் அரை அங்குலம் ஏற்றிக் காட்டும். அதனால் தண்ணீர்க் குழாயிலிருந்து நேராக டியூபில் பிடிக்கக் கூடாது. வாளியை உயரத்தில் வைத்து, ஒரு முனையை முக்கி, மறுமுனையில் உறிஞ்சிவிட்டால் தண்ணீர் சீராக இறங்கும். அப்புறம் விரலால் சுண்டிக்கொண்டே வந்தால் ஒட்டியிருக்கும் குமிழியும் வெளியேறும். நிரப்பியதும் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் ஒரே கோட்டில் நின்றால்தான் வேலை தொடங்கலாம்.

நடக்கும்போது சிந்தாமல் இருக்க வாயைக் கட்டைவிரலால் மூடுவார்கள். குறி போடும்போது இரண்டு பேரும் விரலை எடுத்தாக வேண்டும். வழியில் கொஞ்சம் சிந்தினால் இரண்டு பக்கமும் இறங்கிவிடும். ஆகவே பழைய குறியில் நிற்பவர் தண்ணீரைக் குறிக்கு நேராக வைத்து, ஆட்டம் அடங்கியதும் "சரி" என்று குரல் கொடுத்த பிறகே மறுபக்கத்தில் பென்சில் வைக்க வேண்டும். டியூப் மேல் செங்கல்லோ காலோ இருந்தால் தண்ணீர் அடங்கவே நேரமாகும். ஒரு பக்கம் வெயிலில் சுட்டு, மறுபக்கம் நிழலில் இருந்தாலும் சில மில்லிமீட்டர் மாறும். காலையிலேயே எடுத்துவிடுவது நல்லது.

மஞ்சளடித்து பாசி பிடித்த டியூபில் கோடு தெரியாது, புதிதாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள். குளியலறையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சுற்றிலும் மட்டக்குறி போட்டுக்கொண்டு, அதிலிருந்து அளந்து, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) விடச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன்பே அதை டேப் வைத்துச் சரிபாருங்கள்.