கும்பகோணத்தில் ஒரு வருஷ ஜிம் பணம் கட்டினேன். மூணாம் மாசமே டிரெய்னர் இல்லை, பாதி மெஷின் ஓடவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். ‘கட்டிய பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்தாலும் மிரள வேண்டாம். சொன்னதைச் செய்யாதது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. ரசீதில் கெடு எதுவும் இல்லையென்றால், 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் தவறுதான்.

சேரும்போது தந்த நோட்டீஸ், ஜிபே ரசீது, ‘அடுத்த வாரம் டிரெய்னர் வந்துடுவார் சார்’ என்ற வாட்ஸ்அப் பதில், துணி போர்த்திக் கிடக்கும் ட்ரெட்மில்லின் போட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் ஒழுங்காகப் போன மாதங்களைக் கழித்துவிட்டு மீதியைக் கடிதம் எழுதிக் கேளுங்கள். முழுசும் கேட்டால் பேராசையாகத் தெரியும். கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.