டின்னுக்குள் பூசிய பூச்சு: கேள்வி-பதில்

கே: டின் சூப்பில் பிபிஏ (பிஸ்பீனால்-ஏ) என்ற, ஹார்மோன்களைக் குழப்பும் என்று சந்தேகிக்கப்படும் ரசாயனம் இருக்கிறது என்று செய்தி வருகிறது. டின் தயாரிப்பாளர்களோ, "வீண் பீதி, எல்லாம் அரசு வரம்புக்குள்தான்" என்கிறார்கள். யாரை நம்ப? (வாசகி, நியூஜெர்சி)

ப: பழைய சண்டை இது. 2009 டிசம்பர் இதழில் அமெரிக்க நுகர்வோர் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 19 டின் உணவுகளைச் சோதித்து, அநேகமாக எல்லாவற்றிலும் பிபிஏ இருப்பதாக எழுதியது. உலோக டின் தொழிலின் அமைப்பான நாம்பா உடனே மறுத்தது. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பிபிஏவில் செய்த எபாக்சி என்ற பிசினை உள்ளே பூசாவிட்டால் தக்காளியின் புளிப்பு தகரத்தை அரித்துவிடும். சரி, பூச்சு வேண்டும். அதிலிருந்து உணவில் எவ்வளவு பிபிஏ இறங்குகிறது என்பதுதானே கேள்வி? அதற்கு "வரம்புக்குள்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல் உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 4 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்றது. 2023ல் அதை 20,000 மடங்கு குறைத்தது. அடுத்த வருடமே ஐரோப்பிய ஒன்றியம் டின் பூச்சு உள்பட உணவைத் தொடும் பொருட்களில் பிபிஏவுக்குத் தடை கொண்டுவந்தது. அமெரிக்க உணவு-மருந்து அமைப்பான எஃப்டிஏ, இப்போதுள்ள அளவால் ஆபத்தில்லை என்று இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

2011ல் ஹார்வர்டு ஆய்வில் 75 பேர் ஐந்து நாள் டின் சூப் குடித்தார்கள். டின்னில் வராத சூப் குடித்தபோது இருந்ததைவிட, சிறுநீரில் பிபிஏ 1,200 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. உடல் சீக்கிரம் வெளியேற்றிவிடும் என்றது தொழில்துறை. வெளியேற்றும்தான். தினமும் டின் திறக்கிற வீட்டில் தினமும் உள்ளே போகிறதே! அதனால் டின் கொண்டைக்கடலைக்குப் பதில், காய்ந்த கடலையை ராத்திரி ஊறப்போட்டு வேகவையுங்கள். கர்ப்பிணியும் குழந்தையும் இருக்கும் வீட்டில் கட்டாயம்.

கே: 'பிபிஏ இல்லை' என்று போட்ட டின் வாங்கினால் போதுமா?

ப: போதாது. அந்த 2009 சோதனையில் அப்படி எழுதிய டின்னிலும் பிபிஏ சிக்கியது. எனக்குப் பெரிய ஆத்திரமே இந்த லேபிள் மேல்தான். கூடுதல் விலை கொடுத்து ஒரு பெட்டி தேங்காய்ப்பால் வாங்கினேன். பிபிஏவுக்குப் பதிலாக என்ன பூசினீர்கள் என்று கேட்டு எழுதியதற்கு, வணிக ரகசியம் என்று பதில் வந்தது. அக்ரிலிக்கோ, பாலியெஸ்டரோ, வினைலோ, அதைச் சொல்லிவிட்டு விற்கட்டும். சாப்பிடுகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

கே: டின்னோடு அடுப்பில் சூடாக்கலாமா?

ப: கூடாது.

கே: பாதி விலை என்று இரண்டு பெட்டி டின் பீன்ஸ் அள்ளி வந்தேன். வீட்டில் பார்த்தால் சில டின் உப்பியிருக்கிறது. பயன்படுத்தலாமா?

ப: கடையிலேயே ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டாமா? உப்பிய டின்னில் பாட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நோயைத் தரும் கிருமியின் நஞ்சு இருக்கலாம். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், திறக்கவே திறக்காதீர்கள்.

கே: 'பிபிஏ இல்லாத' டின் என்று ஆன்லைனில் இரண்டு மடங்கு விலை கொடுத்தேன். வந்த டின்னில் அப்படி எதுவுமே இல்லை. விற்றவர் பதிலே தருவதில்லை. (வாசகர், டாலஸ்)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. விளம்பரப் பக்கத்தையும் வந்த டின்னையும் படம் எடுத்து வையுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை வந்த முதல் பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போய்ச் சேர வேண்டும். சொன்ன பொருள் வரவில்லை என்று தெளிவாக எழுதுங்கள். போனில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்.