ஆங்கிலத்தில் பன்மை ‘எஸ்’, உடைமை ‘எஸ்’: மேல் கமாவை எங்கே போடுவது?

ஆங்கிலச் சொல்லின் கடைசி எஸ்ஸோடு மேல் கமா (அபொஸ்ட்ரபி) எப்போது வரும், எஸ்ஸுக்கு முன்னாலா பின்னாலா என்றும், ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான் பரீட்சையில் புள்ளிகள் குறைகின்றன என்றும் கேட்டிருக்கிறீர்கள். அரச வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இந்தக் குறியால் பெயரே போனது. அதனால்தான் எழுதுகிறேன்.

2005இல், சுனாமிக்குப் பிறகு, மட்டக்களப்பில் உதவி வேலை செய்த ஒரு நிறுவனத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். கல்லடிப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தோம். வாசல் பலகைக்கு ஆங்கில வரியை என்னிடம் கேட்டார்கள். பிஷர்மென்'ஸ் என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி சிவப்புப் பேனையால் குறியைப் பின்னுக்குத் தள்ளி பிஷர்மென்ஸ்' ஆக்கினார். “பலபேர் என்றால் எஸ்ஸுக்குப் பிறகுதான் குறி, பிள்ளை” என்றார். “மென் என்றாலே பலபேர்தானே சேர்” என்றேன். கேட்கவில்லை. நீலப் பெயின்ட்டில் அப்படியே எழுதி மாட்டினார்கள். மறுகா திறப்பு விழாவுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் பலகையைக் காட்டி ஏதோ சொல்ல, மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என் பக்கம் திரும்பி, “இவதான் எழுதினது” என்றார். நான் எழுதிய தாள் சிவப்புக் கோட்டோடு அவருடைய மேசையிலேயே கிடந்தது. அதை எடுத்துக் காட்ட அன்றைக்கு எனக்குத் துணிவு வரவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாய்ஸ், பாய்'ஸ், பாய்ஸ்' மூன்றும் காதுக்கு ஒன்றுதான். தமிழில் ‘கள்’ வேறு, ‘உடைய’ வேறு. மாணவர்கள், மாணவனுடைய, மாணவர்களுடைய என்று வாயால் சொன்னாலே பிரிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டு வேலையையும் எஸ் ஒன்றே பார்க்கிறது. அதனால் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘உடைய’ வராவிட்டால் குறி வேண்டாம். அறுகம்குடா விடுதியில் இருப்பவை ரூம்ஸ், ரூம்'ஸ் அல்ல. ‘உடைய’ வந்தால், யாருடையது என்ற சொல்லை முழுதாக எழுதி முடித்துவிட்டுத்தான் குறியைத் தொட வேண்டும். அந்தச் சொல் பன்மை எஸ்ஸில் முடிந்திருந்தால் குறி மட்டும் போதும். இல்லாவிட்டால் குறியும் எஸ்ஸும். ஒக்டோபர் 1ஆம் திகதி சில்ட்ரன்'ஸ் டே, 6ஆம் திகதி டீச்சர்ஸ்' டே. சில்ட்ரனும் பிஷர்மெனும் எஸ் இல்லாமலே பன்மை.

எங்கள் ஆட்கள் இன்னோர் இடத்திலும் சறுக்குவதுண்டு. ‘ஐந்து புத்தகம்’, ‘மூன்று தேங்காய்’ என்று தமிழில் சாதாரணமாகச் சொல்கிறோம். அதே பழக்கத்தில் பைவ் புக் என்று எழுதிவிடுகிறோம். அது பைவ் புக்ஸ். பெர்னிச்சர், இன்பர்மேஷன், அட்வைஸ் மூன்றுக்கும் எஸ் சேராது. இட்'ஸ் மேலே சொன்ன ‘உடைய’ விதிக்கு விலக்கு: குறி போட்டால் அது ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’. ‘அதனுடைய’ என்று எழுதும்போது குறி இல்லை.

ஜேம்ஸ்'ஸ் என்பதா, ஜேம்ஸ்' என்பதா என்று யாராவது இங்கே சண்டைக்கு வரலாம். இரண்டும் அச்சில் வருகின்றன. ஒரு தாளில் ஒன்றையே எழுதுங்கள்.

‘இந்தச் சின்னக் குறிக்கா இவ்வளவு பாடு’ என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்து வருவோம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில டீச்சர் வருவார், சில மாதத்தில் டவுனுக்கு மாற்றம் வாங்கிப் போய்விடுவார். சாதாரண தரம் வரை ஒரு வருடம் முழுதாகப் படிப்பித்தவர் எனக்கு ஒருவர்கூட இல்லை. மாமாவின் பழைய இலக்கணப் புத்தகத்தை வைத்து நானாகப் படித்ததுதான் எல்லாம். அன்றைக்கு அந்த மேலதிகாரி சொன்னதை அங்கே நின்ற ஒருவரும் சந்தேகப்படவில்லை. படுவான்கரைப் பிள்ளை, ஆங்கிலத்தில் பிழைவிட்டிருக்கும் என்று உடனே நம்பிவிட்டார்கள். டீச்சர்மாரை எங்களுக்குத் தராமல் வைத்திருந்துவிட்டு, பிழை என்றால் மட்டும் எங்களைப் பார்ப்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சில வருடம் கழித்து சங்கம் தன் காசில் பலகையைப் புதுப்பித்தது. தலைவர் போன் எடுத்து, “மகள், நீங்கள் முதல் எழுதினதையே ஒரு துண்டில் எழுதித் தாங்க” என்றார். பெயின்டர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். குறி இப்போது எஸ்ஸுக்கு முன்னால் இருக்கிறது.