வாசகர் கேள்வி: பாட்டை நிறுத்திவிட்டுப் பேசுவது ஏன்?

கேள்வி: பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’ ஆபரா பார்த்தேன். இரண்டாம் அங்கத்தில் பாதாளச் சிறைக்குள் குழி தோண்ட இறங்கும் இருவர் திடீரென்று பாட்டை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள், நடுநடுவே வாத்தியங்கள். இது என்ன வகை? – ஒரு வாசகர், கோவை

பதில்: இதுதான் மெலோடிராமா. (சீரியல் கண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ரூசோவின் ‘பிக்மாலியன்’ 1770-ல் பிரான்சில் மேடையேறிவிட்டது, ஆனால் இந்த வகை ஊன்றி நின்றது ஜெர்மனியில், கோத்தா அரண்மனையில் இசை இயக்குநராக இருந்த பெண்டாவின் கையில். காரணம் கலைத் தத்துவமெல்லாம் இல்லை. 1774-ல் வைமார் அரண்மனை எரிந்துபோக, அங்கே நாடகம் போட்டுக்கொண்டிருந்த சைலர் குழு கோத்தாவுக்கு வந்து சேர்ந்தது. குழுவில் சார்லட் பிராண்டஸ் என்ற நல்ல நடிகை இருந்தார், பாடகி அல்ல. அவரை மனத்தில் வைத்து உருவானதுதான் 1775 ஜனவரியில் அரங்கேறிய ‘நக்சோஸ் தீவில் அரியாட்னே’. காதலன் விட்டுவிட்டுப் போன பெண் ஒரு வரி பேசுகிறாள், நிறுத்துகிறாள், நிறுத்திய இடத்தில் வாத்தியங்கள் சில கணம் வாசித்து அவள் சொல்லாமல் விழுங்கியதைச் சொல்லிவிடுகின்றன, மறுபடி அவள்.

1778-ல் மன்ஹைமில் பெண்டாவின் ‘மெடேயா’வைப் பார்த்த மொசார்ட் அசந்துபோனார். அப்போது அவருக்கு 22 வயது. ஆபராவின் ரெசிடேட்டிவ்களில் (பாட்டுகளுக்கு நடுவே பேச்சுப் போலப் பாடும் பகுதிகள்) பெரும்பாலானவற்றை இப்படிப் பேச்சாகவே வைத்துவிடலாம் என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்குப் போய்விட்டார்! ‘செமிராமிஸ்’ என்று அவர் கையிலெடுத்த மெலோடிராமாவின் இசை எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் அவருடைய ‘சாய்டே’ ஆபராவில் அந்தப் பாணியைக் கேட்கலாம்.

பாட்டில் நேரம் இசையமைப்பாளர் கையில், பேச்சில் நடிகர் கையில். மெலோடிராமா என்பதே இந்த இருவரின் இழுபறி என்பேன். பீத்தோவன் அதைச் சரியான இடத்தில் பயன்படுத்தினார்: கணவனைத் தேடி ஆண் வேடத்தில் சிறைக்குள் வந்த லியோனோரே குளிரில் நடுங்குகிறாள், எதிரே கிடக்கும் கைதி தன் கணவன்தானா என்றுகூடத் தெரியவில்லை, அவனுக்காகவே குழி தோண்ட வேண்டும். அங்கே கணீரென்று பாடினால் யார் நம்புவார்கள்?

கேள்வி: பேச்சுக்கே சுரம் எழுதிவிட முடியாதா? – அதே வாசகர்

பதில்: எழுதிப் பார்த்தார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் ஹம்பர்டிங்க் 1897-ல் ‘ராஜகுமாரப் பிள்ளைகள்’ நாடகத்தில் பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் தாளத்தையும் பெருக்கல் குறி போட்ட சுரங்களாக எழுதினார். நடிகர்களால் சமாளிக்க முடியவில்லை. கடைசியில் அதையே முழு ஆபராவாக மாற்றி, 1910-ல் நியூயார்க்கில் அரங்கேற்றினார்கள். இன்னொரு இசையமைப்பாளர் ஷோன்பெர்க் விடவில்லை. 1912-ல் பெர்லினில் ‘பியரோ லூனேர்’, 21 கவிதைகள். குரல் சுரத்தைத் தொட்டதும் அதை விட்டு ஏறவோ இறங்கவோ வேண்டும், பாடவும் கூடாது, சாதாரணமாகப் பேசவும் கூடாது என்று முன்னுரையிலேயே நிபந்தனை. கேட்க மயிர்க்கூச்செறியும், ஆனால் நடிகரின் சுதந்திரம் அதோடு போயிற்று. அதே 1897-ல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எழுதிய ‘ஈனாக் ஆர்டன்’ நேர் எதிர்: கதை சொல்பவர் தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போவார், பியானோ நெடுநேரம் வாய் திறக்காது. எனக்கு அது கொஞ்சம் சலிப்புத்தான்.

எதிலிருந்து தொடங்குவது என்றால் வெபரின் ‘டெர் ஃப்ரைஷூட்ஸ்’ ஆபரா, 1821, இரண்டாம் அங்கத்தின் கடைசி, ஓநாய்ப் பள்ளத்தாக்குக் காட்சி. வேட்டைக்காரன் காஸ்பர் பாடிக் கெஞ்சுவான், பிசாசு சாமியேல் பேச்சிலேயே பதில் சொல்வான். ஆபரா முழுக்க அவனுக்கு ஒரு சுரம்கூடக் கிடையாது. அப்புறம் மந்திரக் குண்டு வார்க்கும்போது காஸ்பர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவான், ஒவ்வொரு எண்ணும் எதிரொலிக்கும், இசை மேலும் மேலும் வெறியேறும். ஹெட்ஃபோனில் கேளுங்கள், ஒலியைச் சற்றுக் குறைத்தே வையுங்கள்.